தவணை ஒழிப்பு மகாநாடும் மாக்கிறட்டின் வள்ளமும்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டு தை மாதம், இலங்கைத் தீவில் வழக்குகள் தாமதமாகின்றன என்பது கொழும்பில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் பிறக்கிராசிமார். அதற்கு முன்னரும் இது பலருக்குத் தெரிந்திருந்ததுதான். ஆனால் அவர்கள் வெறும் வழக்காளிகள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை.

நான் மன்னாரில் பதினெட்டு வருடமாகப் பிறக்கிராசி. பெயர் அந்தோனிமுத்து. கட்சிக்காரருக்காகக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எழும்பிப் பேசுவது என் தொழில். பேசுவது என்று சொன்னாலும் நான் பெரும்பாலும் பேசியது ஒரே ஒரு வசனம்தான்: "கனம் துரை அவர்கள் தயவுகூர்ந்து இன்னொரு தவணை தந்தருள வேண்டும்." வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பதற்குப் பெயர் தவணை. இந்த வசனத்தை நான் சொல்லும் அழகைக் கேட்க இலுப்பைக்கடவையிலிருந்துகூட ஆட்கள் வண்டி கட்டி வருவார்கள். அவர்கள் என் கட்சிக்காரர்கள். கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

பங்குனி மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தடித்த கடதாசி, மேலே அச்சடித்த தலைப்பு: "வெளிமாவட்டப் பிறக்கிராசிமார் மகாநாடு. பொருள்: தவணைகளை அடியோடு ஒழித்தல்." மகாநாடு ஆவணி மாதம் கொழும்பில் மூன்று நாள் நடக்குமாம். "தூர மாவட்டங்களில் தாமதம்: அதன் தோற்றம், வளர்ச்சி, பரிகாரம்" என்ற பொருளில் நான் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டுமாம். தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி என்னைவிட நன்றாக அறிந்த ஆள் மாவட்டத்தில் இல்லை என்பது கொழும்புவரை எப்படித் தெரிந்தது என்று வியந்தேன்.

கடிதத்தை ஏழு தரம் வாசித்தேன். பிறகு அடுத்த அறையில் தொழில் நடத்தக் கந்தோர் வைத்திருந்த பிறக்கிராசி வஸீருக்குக் கேட்கும்படியாக உரத்து ஒரு தரம் வாசித்தேன்.

"எனக்கும் வந்திருக்கு, அந்தோனி!" என்று சுவருக்கு அப்பால் இருந்து சத்தம் வந்தது. "நான் பேச வேண்டியது, தவணை கேட்பதால் வரும் தீமைகள்."

வஸீர் நல்ல மனிதர். எனக்கு எதிராக அவர் ஆஜராகாத வழக்கு மன்னாரில் இல்லை. தவணை கேட்பதில் மட்டும் நாங்கள் ஒரு நாளும் எதிர்த்து நின்றதில்லை.

அந்த நேரத்தில் எங்கள் இருவர் கையிலும் இருந்தது மாக்கிறட்டின் வழக்கு. நான் அவள் பக்கம், வஸீர் எதிர்ப்பக்கம்.

மாக்கிறட் முள்ளிக்குளத்துப் பெண். கணவன் இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். அவன் விட்டுப்போன சொத்து ஒரு வள்ளம். அதில் அண்ணனும் தம்பியுமாக மீன்பிடித் தொழில் செய்தவர்கள். அண்ணன் போனபின் தம்பி யோசேப் வள்ளத்தைத் தன்னுடையது போல ஓட்டத் தொடங்கினான். வாய்த்தர்க்கம் வந்தது. மாக்கிறட் கோபத்தில் பொலிசுக்குப் போய்விட்டாள்.

பொலிசார் தங்கள் கடமையை மிகவும் சிறப்பாகச் செய்தார்கள். கடலுக்கே போய் வள்ளத்தைக் கைப்பற்றினார்கள். யோசேப்பின் மேல் களவு வழக்கு வைத்தார்கள். வள்ளம் யாருடையது என்று தீரும்வரை அது கோட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நீதவான் துரை கட்டளையிட்டார். முப்பது பேர் பிடித்து இழுத்து, கோட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். முற்றத்து வேம்பின் நிழல் வழக்காளிகளுக்கு. வெயில் வள்ளத்துக்கு.

வைகாசித் தவணைக்கு வந்த மாக்கிறட் நேரே வள்ளத்திடம் போனாள். பலகைகளைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பெரிய கிளாக்கரிடம் வந்தாள். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, வள்ளம் காயுது. இப்பிடியே கிடந்தால் பலகை வெடிச்சுப் போகும். நாளுக்கு நாலு வாளித் தண்ணி ஊத்த ஆரையும் விடுங்கோ."

"ஊத்த ஏலாது," என்றார் பெரிய கிளாக்கர். "இது இப்ப வள்ளமில்லை. சான்றுப் பொருள். சான்றுப் பொருளைக் கைப்பற்றின நிலையிலதான் வச்சிருக்க வேணும்."

"கைப்பற்றேக்க அது தண்ணிக்கயெல்லோ ஐயா கிடந்தது?"

பெரிய கிளாக்கர் கொஞ்சம் யோசித்தார்.

"வள்ளத்தைத்தான் கைப்பற்றினது. கடலைக் கைப்பற்றேல்லை."

அப்போது மற்றப் பக்கத்தில் நின்ற யோசேப் வாய் திறந்தான். "மச்சாள் சொல்லுறது சரி ஐயா. தண்ணி ஊத்தத்தான் வேணும்."

எனக்குத் திக்கென்றது. முறைப்பாட்டுக்காரியும் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியும் ஒரு விசயத்தில் ஒத்துப்போவது வழக்குக்கு எவ்வளவு கேடு என்பது சட்டம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் மாக்கிறட்டை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வஸீர் யோசேப்பை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"எதிரியோட கதைக்கக் கூடாது," என்று எச்சரித்தேன்.

"அவர் என்ர புருசன்ர தம்பியெல்லோ ஐயா."

"அது வெளியில. இஞ்ச அவர் எதிரி."

ஆனாலும் நான் கடமையில் தவறவில்லை. வள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுமதி கோரி அன்றே ஒரு பெற்றீசம் எழுதினேன். நாலு பக்கம். வஸீர் அதற்கு ஆறு பக்கத்தில் ஆட்சேபணை எழுதினார். அவருடைய கட்சிக்காரனுக்கும் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் எதிர்ப்பக்கத்துப் பிறக்கிராசி கேட்டதை எதிர்க்காமல் விட்டால் தொழில் என்னத்துக்கு? தண்ணீர் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று பெற்றீசத்தில் குறிப்பிடப்படவில்லை என்பது அவருடைய முதலாவது ஆட்சேபணை. அது பலமான ஆட்சேபணை என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெற்றீசத்தின் விசாரணை ஆனி மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஆனியில் நான் எழும்பினேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட தவணைகளில் மிகவும் மேன்மையான தவணை அதுதான்.

"கனம் துரை அவர்களே, தவணைகளை அடியோடு ஒழிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதை எழுத அவகாசம் தேவைப்படுவதால், தயவுகூர்ந்து ஒரு தவணை தந்தருள வேண்டும்."

வஸீர் எழும்பினார். "என் கற்றறிந்த நண்பரின் கோரிக்கைக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் அதே காரணம்தான்."

நீதவான் வெள்ளைக்காரத் துரை. முகம் மலர்ந்து போனது. மகாநாட்டின் இரண்டாம் நாளுக்குத் தலைமை தாங்க அவருக்கும் அழைப்பு வந்திருந்தது என்பது அப்போதுதான் வெளிவந்தது.

"இவ்வளவு உன்னதமான நோக்கத்துக்குத் தவணை மறுத்தால் வரலாறு எங்களை மன்னிக்காது," என்று சொல்லி, ஆவணி பதினேழாம் திகதிக்கு வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெளியே மாக்கிறட் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஐயா நடந்தது?"

"நல்ல முன்னேற்றம். தவணை கிடைச்சிருக்கு."

"அது போன முறையும் கிடைச்சதுதானே."

"போன முறை சும்மா கிடைச்சது. இந்த முறை தக்க காரணத்தோட கிடைச்சிருக்கு."

அவள் வேம்பின் அடியில் இருந்த மூட்டையை எடுத்துத் தலையில் வைத்தாள். முள்ளிக்குளத்துக்கு மாட்டுவண்டியில் ஒன்றரை நாள்.

"ஐப்பசியில எங்கட பக்கத்துத் தொழில் தொடங்கிவிடும் ஐயா. அதுக்கு முன்னம் வள்ளம் இறங்காட்டில் இந்த வருசமும் பிள்ளையள் பாடு கரைச்சல்தான். உங்களைத்தான் நம்பியிருக்கிறன். போட்டு வாறன்."

நெஞ்சில் ஏதோ குத்தியது. மகாநாட்டுக்காகத் தைக்கக் கொடுத்திருந்த கோட்டை அன்று காலைதான் போட்டு அளவு பார்த்திருந்தேன். தையற்காரன் குண்டூசி ஒன்றைச் சட்டையில் விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரதிநிதிகள் யாவரும் கரிய கம்பளித் துணியில் கோட்டும், அதற்குள் ஓர் உட்கோட்டும் அணிந்து வர வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்திருந்தது. லண்டனில் அப்படித்தானாம். நான் வீட்டில் ஒத்திகையாகப் போட்டுப் பார்த்தேன். என் மனைவி பெற்றிசியா விசிறியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வெக்கையில கம்பளியோ? சுற்றுநிருபம் எழுதினவர் மன்னாருக்கு வந்திருக்கிறாரோ?"

"மகாநாடு கொழும்பில."

"கொழும்பில பனி பெய்யுதாமோ?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சுற்றுநிருபத்தில் பதில் இல்லை.

கட்டுரையை நாற்பத்தொரு பக்கத்தில் எழுதி முடித்தேன். அதற்காக வேறு பதினோரு வழக்குகளிலும் தவணை எடுத்தேன். எழுதும்போது உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. மாக்கிறட்டின் வழக்கையே எடுத்து, "கடற்கரைக் கிராமத்து விதவை ஒருத்தியின் வள்ளம்" என்று உருக்கமாக எழுதினேன். அந்த விதவைக்குத் தவணைமேல் தவணை எடுத்துக் கொடுக்கும் இரக்கமற்ற பிறக்கிராசியைக் கடுமையாகச் சாடினேன். எழுதி முடித்தபோது என் கண் கலங்கியது. அந்தப் பிறக்கிராசியின் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஆவணி பதினாறில் மகாநாடு தொடங்கியது. பதினேழாம் திகதி மாக்கிறட்டின் வழக்கு என்பது எனக்கும் ஞாபகம் வரவில்லை, வஸீருக்கும் வரவில்லை, துரைக்கும் வரவில்லை. பெரிய கிளாக்கருக்கு வந்திருக்கிறது. அவர் கோட்டு வாசற்கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டுத் தானும் லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டார்: "தாமதங்களை ஒழிக்கும் பொருட்டு இந்தக் கோடு மூன்று நாள் பூட்டியிருக்கும்." இங்கிலீசில்.

கொழும்புக்கு ரயிலில் வஸீரும் நானும் ஒன்றாகப் போனோம். மதவாச்சி தாண்டியதும் எங்கள் இருவருக்கும் மனம் இளகிவிட்டது.

"வஸீர், உள்ளதைச் சொல்லுங்கோ. அந்த வள்ள வழக்கை நீங்களும் நானும் இருந்து கதைச்சால் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அஞ்சு நிமிசம். யோசேப்பு ஓட்டட்டும், பிடிக்கிற மீனில பாதி மாக்கிறட்டுக்கு. அவ்வளவுதானே?"

"நானும் அதைத்தான் நினைச்சனான்."

இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

"ஆனால் அந்தோனி, அது முறையில்லை," என்றார் வஸீர்.

"ஓம், முறையில்லை," என்றேன் நான். கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

மகாநாடு காலை ஒன்பதுக்குத் தொடங்குவதாக இருந்தது. பிரதம விருந்தினர் தாமதமானதால் பதினொன்றரைக்குத் தொடங்கியது. அவர் நேரந்தவறாமையின் அருமை பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினார். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு, முதலாவது தீர்மானத்தில் "தாமதம்" என்று போடுவதா "தேவையற்ற தாமதம்" என்று போடுவதா என்ற விவாதம் எழுந்தது. தேவையான தாமதமும் உண்டு என்று ஒரு கட்சி. காலியிலிருந்து வந்த ஒருவர், தேவை என்றால் என்ன என்று கேட்டார். மாலைவரை விவாதித்தும் முடியாமல், தாமதம் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் காண்பதற்கு ஒரு குழு நியமிக்கப்பட்டது.

இரண்டாம் நாள் எங்கள் துரை தலைமை தாங்கினார். அன்று முழுவதும் குழுவில் எத்தனை பேர் என்ற விவாதம். கடைசியில் துரையே அதற்குத் தலைவரானார்.

மூன்றாம் நாள்தான் கட்டுரைகள். என் பெயர் பட்டியலில் கடைசி. எனக்கு முன் வஸீர். தவணை கேட்பதால் வரும் தீமைகள் பற்றிப் பேச எழும்பியவர், தொண்டை கட்டிவிட்டதால் தன் உரையை அடுத்த மகாநாட்டுக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பழக்கம் எங்கே போகும்? சபை உடனே சம்மதித்தது.

நான் மேடைக்குப் போனேன். நாற்பத்தொரு பக்கத்தையும் மேசையில் அடுக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். தலைவர் மணியைப் பார்த்தார்.

"புகைப்படக்காரர் காத்திருக்கிறார். நேரமின்மையால், மன்னார்ப் பிரதிநிதியின் கட்டுரை வாசிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது."

பெருத்த கைதட்டல். அன்று முழுவதிலும் வேறு எந்தக் கட்டுரைக்கும் அப்படிக் கைதட்டவில்லை.

புகைப்படம் எடுக்க இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. நூற்றெண்பது பேர், எல்லோரும் முன்வரிசையில். பிறகு இறுதித் தீர்மானம்: விசயம் மிக அவசரமானது என்பதாலும், எடுத்த காரியம் முடியவில்லை என்பதாலும், மகாநாட்டை மாசி மாதத்துக்கு ஒத்திவைப்பது. ஏகமனதாக நிறைவேறியது.

நான் நெஞ்சில் அணிந்திருந்த, பிரதிநிதி என்று எழுதிய சிவப்பு றிபன் பட்டியைக் கழற்றாமலே மன்னார் ஸ்டேசனில் வந்து இறங்கினேன். என் கிளாக்கர் சனூன் ரயில் மேடையில் நின்றார். பட்டியை ஒரு தரம் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்தே ஏதோ விபரீதம் என்று தெரிந்துகொண்டேன்.

"ஐயா, வள்ளத்தைக் காணேல்லை."

"எந்த வள்ளம்?"

"கோட்டு வள்ளம்."

நடந்ததைச் சனூன் சொன்னார். பதினேழாம் திகதி காலை மாக்கிறட்டும் வந்திருக்கிறாள், யோசேப்பும் வந்திருக்கிறான். கோடு பூட்டியிருந்தது. கதவில் இருந்த இங்கிலீசைக் காவற்காரன் மஹ்மூதாலும் வாசிக்க முடியவில்லை. மாக்கிறட் என் கந்தோருக்கு வந்து பார்த்தாள். சனூன் அன்று முசலிக்கு ஒரு காணி உறுதி விசயமாகப் போயிருந்தார், கந்தோரும் பூட்டு. யோசேப் வஸீரின் கந்தோருக்குப் போனான். அதுவும் பூட்டு. இருவரும் திரும்பி வந்து வேம்பின் கீழ் ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள். எதிரியோடு கதைக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா, மத்தியானம்வரை அவள் கதைக்கவில்லை.

மத்தியான வெயிலில் வள்ளத்திலிருந்து படீர் என்று ஒரு சத்தம். பலகை ஒன்று வெடித்துவிட்டது.

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். யோசேப் வெடித்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணன் தெரிஞ்செடுத்த பலகை, மச்சாள்," என்று அழுதானாம். மாக்கிறட்டும் அழுதாளாம். அதற்குப் பிறகு நடந்த பேச்சு மஹ்மூது பீடி ஒன்று பற்ற வைத்துக் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. யோசேப் ஓட்டுவது, பிடிக்கிற மீனில் பாதி மாக்கிறட்டுக்கு. பக்கத்துப் பள்ளிமுனையிலிருந்து சொந்தக்காரரைக் கூட்டி வந்து, வெடிப்பை அடைத்து, வள்ளத்தை இழுத்துக் கடலில் விட்டு, அவர்களுடைய வள்ளத்தோடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மஹ்மூது தடுக்கேல்லையோ?"

"அவரும் ஒரு கை பிடிச்சவராம் ஐயா."

நான் பட்டியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை பெரிய கிளாக்கர் அறிக்கை எழுதினார். கோட்டின் பொறுப்பில் இருந்த சான்றுப் பொருளைக் களவாகக் கொண்டுபோனதாக மாக்கிறட், யோசேப் இருவர் மேலும் புதிய வழக்கு. பழைய வழக்கில் அவள் முறைப்பாட்டுக்காரி, அவன் எதிரி. புதிய வழக்கில் இருவரும் எதிரிகள். குற்றவாளிகள் என்று தீர்ப்பானால் மறியல், அதாவது சிறை. மஹ்மூதுக்கு வேலை போகும்.

ஐப்பசியில் அழைப்பாணைக்கு வந்த மாக்கிறட்டைக் கோட்டு விறாந்தையில் கண்டேன். கோபம் தலைக்கேறியது.

"என்னட்டைச் சொல்லாமல் ஏன் எடுத்தனீர்?"

"உங்களைத் தேடி வந்தனான் ஐயா. கந்தோர் பூட்டியிருந்தது."

"ஒரு மூண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதோ?"

"அஞ்சு மாதம் பொறுத்தனாங்கள் ஐயா. நீங்கள் ஒருத்தரும் இல்லாத ஒரு நாளிலதான் எங்கட வழக்கு முடிஞ்சுது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். இந்த முறை நெஞ்சில் குத்தியதற்குத் தையற்காரன்மேல் பழி போட முடியவில்லை. இந்தப் பெண்ணை மறியலுக்கு அனுப்பிவிட்டு நான் எந்த மகாநாட்டில் எதை வாசிப்பது?

வழக்கு கூப்பிட்டார்கள். துரை அவசரத்தில் இருந்தார். தாமதம் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது.

நான் எழும்பினேன். "கனம் துரை அவர்களே, களவு என்றால் பிறருடைய பொருளை எடுத்திருக்க வேண்டும். இந்த வள்ளம் யாருடையது என்பது பழைய வழக்கில் இன்னும் தீரவில்லை. அது தீராமல் புதிய வழக்கை விசாரிக்க முடியாது."

"அப்படியானால் பழைய வழக்கை இன்றைக்கே விசாரிப்போம்," என்றார் துரை.

வஸீர் எழும்பினார். "சான்றுப் பொருள் இல்லாமல் எப்படி விசாரிப்பது? அது காணாமற்போனது பற்றித்தானே புதிய வழக்கு? அதைத் தீர்க்காமல் பழைய வழக்கைத் தொடவே முடியாது."

துரை பேனையைக் கீழே வைத்தார். தவணை கேட்பது தவிர்ந்த ஒன்றில் முதன்முறையாக வஸீரும் நானும் ஒரே பக்கத்தில் நின்றோம் என்பதை அவர் அவதானித்திருக்க வேண்டும்.

பெரிய கிளாக்கர் பொறுக்கமாட்டாமல் எழும்பினார். "வள்ளத்தைத் திரும்பக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டால் சிக்கல் தீர்ந்தது, துரை. சான்றுப் பொருள் கைப்பற்றிய நிலையிலேயே கோட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும். அதுதான் விதி."

"பெரிய கிளாக்கர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி," என்றேன் நான். அந்த மனிதர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் பொலிசாரின் அறிக்கையை எடுத்து வாசித்தேன். "'முள்ளிக்குளத்துக் கரையிலிருந்து அரை மைல் தூரத்தில், கடலில், பாய் விரித்தபடியும் வலை நீரில் கிடந்தபடியும், யோசேப் என்பவர் மீன் பிடித்துக்கொண்டிருந்த நிலையில், வள்ளம் ஒன்று கைப்பற்றப்பட்டது.' கைப்பற்றிய நிலை இதுதான். முற்றத்தில் போட்டதால் இந்த நிலை ஐந்து மாதம் கெட்டுப்போயிருந்தது. எதிரிகள் இருவரும் அதைத் திரும்பச் சீராக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் காவற்காரரும் உதவியிருக்கிறார்."

துரை அறிக்கையை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். மணியைப் பார்த்தார். பிறகு கட்டளை எழுதினார்: சான்றுப் பொருளான வள்ளம், விசாரணை முடியும்வரை, கைப்பற்றிய நிலையிலேயே, அதாவது கடலில், பாயோடும் வலையோடும் வைக்கப்பட வேண்டும். அந்த நிலை ஒரு நாளும் மாறாமல் இருப்பதற்கு எதிரிகள் இருவரும் கோட்டுக்குப் பொறுப்பு.

"ஞாயிற்றுக்கிழமையுமோ துரை?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

"ஞாயிறு நீங்கலாக," என்று துரை சேர்த்து எழுதினார். "இரண்டு வழக்குகளுக்கும் அடுத்த தவணை எப்போது?"

வஸீர் என்னைப் பார்த்தார். நான் வஸீரைப் பார்த்தேன்.

"மாசியில் மகாநாடு இருக்கிறது," என்றோம் இருவரும்.

மாசியில் போனோம். துரையின் குழு வரைவிலக்கணத்தை முடிக்கவில்லை. சொல்லின் முதற்பாதிக்கு மட்டும் இணக்கம் கண்டிருந்தார்கள். என்றாலும் மகாநாட்டு அறிக்கையில் மன்னாருக்கு ஒரு பாராட்டு வந்தது: இரண்டு வழக்குகள் மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தும் வழக்காளிகளிடமிருந்து ஒரு முறைப்பாடுகூட வராத ஒரே மாவட்டம். அந்த அறிக்கையோடு பழைய மகாநாட்டின் புகைப்படமும் வந்தது. பெற்றிசியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் தேடி, பூச்சாடி ஒன்றுக்குப் பின்னால் என் காதைக் கண்டுபிடித்தாள்.

ஒரு நாள் மாக்கிறட்டும் யோசேப்பும் கந்தோருக்கு வந்தார்கள். ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்தார்கள். யோசேப்பின் முகம் வெயிலில் கறுத்து நன்றாக இருந்தது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டிருப்பதாக மாக்கிறட் சொன்னாள்.

"இருங்கோ," என்று கதிரையைக் காட்டினேன். "உங்கட வழக்கில ஒரு முன்னேற்றமும் இல்லை. ஆனாலும் பயப்பட வேண்டாம். இந்த வருசம் எப்படியும் முடிச்சுத் தரப் பாக்கிறன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசேப்பின் கை பெட்டியின் மூடியைப் பிடித்தது, திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவான் போல.

"ஐயா," என்றாள் மாக்கிறட், "வழக்கு முடிஞ்சால் வள்ளம் ஆருக்கு எண்டு எழுதுவினம்?"

"உமக்கு. அல்லது யோசேப்புக்கு. ஆராவது ஒருத்தருக்குத்தான் எழுத ஏலும். சட்டம் அப்படி."

"அப்ப திரும்பவும் நாங்கள் சண்டை பிடிக்க வேணுமோ?"

நான் மேசையில் கிடந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"இப்ப வள்ளம் கோட்டின்ர வள்ளமெண்டு ஒருத்தரும் கிட்ட வாறேல்லை, ஐயா," என்றான் யோசேப். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறம். எத்தினை மகாநாட்டுக்கு வேணுமெண்டாலும் போங்கோ. வழக்கை மட்டும் முடிச்சுப் போடாதேங்கோ."

நான் எழும்பி நின்று, அவர்கள் இருவர் கையையும் பிடித்து வாக்குக் கொடுத்தேன். பதினெட்டு வருடத்தில் கட்சிக்காரருக்கு நான் கொடுத்த வாக்குகளில், என்னால் நிச்சயம் காப்பாற்ற முடியும் என்று தெரிந்து கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.